றொசல்ல ஸ்டேஷனில் காமனை எழுப்பினது

நம்ம வயசு ஆளுகளுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்ல. மாசி அமாவாச கழிஞ்சு மூணாம் நாளு காமன் பொட்டல்ல கம்பம் நட்டாச்சுன்னா, தப்புச் சத்தம் கேட்காம நம்ம யாருக்கும் சோறு எறங்காது. ஆனா இப்ப உங்க பக்கத்துல பேரப்புள்ளைக யாராவது போனை நோண்டிக்கிட்டு ஒக்காந்திருக்கும். அதுகளுக்காக ரெண்டு வார்த்த. தவத்துல இருந்த சிவன் மேல மன்மதன் அம்பு விட்டான். சிவன் நெத்திக் கண்ணைத் தொறந்து அவனை எரிச்சுப்புட்டார். அந்த மன்மதனைத்தான் நாங்க காமன்னு சொல்றது. அவன் பொண்டாட்டி ரதி விழுந்து அழுதா. மூணாம் நாளு அவனுக்கு உயிர் வந்துச்சு. இவ்வளவுதான் கதை. இதைத்தான் தேயிலைத் தோட்டத்துல வருசா வருசம் கூத்தா ஆடினாங்க. ரதிக்கும் ஆம்பளைகதான் வேசம் கட்டுவாங்க. எங்க தோட்டத்து ரதி எங்க அண்ணன்.

நான் சொல்ல வந்தது கூத்தைப் பத்தி இல்ல. எங்க அண்ணன் ஒரு ரயிலை விட்டதைப் பத்தி. அவரு அந்த ரயில்ல ஏறியிருந்தா சினிமாக்காரரா ஆகியிருப்பாரு, ஏறவிடாம பண்ணது இந்தக் குட்டிதான்னு, பத்து வயசுல இருந்து கெழவி ஆகுற வரைக்கும் என்னைச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. இப்ப எனக்கு எழுபத்தி மூணு. இனிமே யாருக்குப் பயம்? சொல்லிடறேன்.

எங்கப்பா காய்ச்சல்ல போனப்ப எனக்கு மூணு வயசு. ரெண்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டிருந்த அண்ணன் அப்பவே தேயிலை மலைக்கு வேலைக்குப் போயிட்டாரு. நான் சொல்ற வருசத்துல அவருக்குப் பத்தொம்பது, இருபது இருக்கும். கவ்வாத்து வெட்டுற வேலை. தேயிலைச் செடியை முழங்கால் ஒசரத்துக்கு வெட்டித் தள்ளணும். கை ரெண்டும் கீறலும் காய்ப்பும்தான். அந்தக் கையில கண்ணாடி வளையலை மாட்டி, அம்மாவோட கூறைச் சேலையைக் கட்டி, மூஞ்சியில வெள்ளையும் மஞ்சளும் பூசிக்கிட்டு வந்து நின்னா, சத்தியமாச் சொல்றேன், எனக்கே அது அண்ணன்னு தோணாது. "யாரு வீட்டுப் பொண்ணுடா இது?"ன்னு ஒரு தடவ அடுத்த தோட்டத்துக் கெழவர் கேட்டாரு. எங்க லயத்து வரிசை வீடு மொத்தமும் சிரிச்சுச்சு.

அண்ணனுக்கு வாசிக்க வராது. பாட்டெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டுல எழுதியிருந்துச்சு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பீலிக்கரைக்குப் போவேன். அவரு வேலை முடிஞ்சு மேலு கழுவ அங்க வருவாரு. மலைத்தண்ணி பீலியில இருந்து கொட்டுற சத்தத்துக்கு மேல நான் கத்திக் கத்தி ஒரு வரி வாசிப்பேன், அவரு சோப்பு போட்டுக்கிட்டே அதைப் பாடுவாரு. ரெண்டு தரம் வாசிச்சாப் போதும், புடிச்சுக்குவாரு. ஆனாலும் கூத்து நடக்கிறப்ப நான் அவரு முதுகுக்குப் பின்னால நோட்டோட ஒக்காந்திருக்கணும். ஒவ்வொரு பாட்டுக்கும் மொத வரியை நான் எடுத்துக் குடுக்கணும். நான் இல்லாட்டி அவருக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குமாம். அந்த வயசுல எனக்கு அதுல எவ்வளவு பெரும தெரியுமா? கீழ இருக்கிற பொம்பளப் புள்ளைகளை நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்.

கூத்துக்கு மாஸ்டர் எங்க மாமா. அம்மாவோட கூடப்பொறந்த அண்ணன், மேல் லயத்துல இருந்தாரு. தப்பு அடிச்சு முன்பாட்டுப் பாடுறது அவரு. அவரு மகளைத்தான் எங்க அண்ணனுக்குப் பேசி வச்சிருந்தாங்க. நான் அப்பவே மதினின்னுதான் கூப்புடுவேன். மதினி எங்க வீட்டுக் காம்பராவுக்கு வந்தா அண்ணன் பின்வாசலால வெளிய போயிருவாரு. அண்ணன் மாமா வீட்டுக்குப் போனா மதினி அடுப்படியை விட்டு வர மாட்டாங்க. ரெண்டு பேரும் நேருக்கு நேரா பேசி நான் பாத்ததே இல்ல. இதுகளுக்குக் கல்யாணம் பண்ணி வச்சா என்னதான் பேசிக்குங்கன்னு நான் யோசிச்சதுண்டு.

அந்த வருசம் காமன் எரிச்சு, எழுப்பி, எல்லாம் முடிஞ்சு பங்குனி பொறந்துருச்சு. அப்பத்தான் கொழும்புல இருந்து தமிழ்ப் படம் எடுக்கிறவங்க வந்தாங்க. ஏழாம் நம்பர் தேயிலை மலையில சூட்டிங்னு, காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல கங்காணி சொன்னதும், தொரைமாருக காட்டுப்பன்னி சுட வர்றாங்கன்னு நெனச்சு பாதிச் சனம் அந்தப் பக்கமே போகல. அன்னைக்கு அங்க கொழுந்தும் எடுபடல, படமும் எடுபடல.

வந்தவங்க காலியாக் கெடந்த கிளாக்கரய்யா வீட்டுல தங்கினாங்க. கதாநாயகி அட்டைக்குப் பயந்து காலு ரெண்டுலயும் சோப்பைக் குழைச்சுப் பூசிக்கிட்டு நடந்துச்சு, பாவம். வெயிலைத் திருப்பி மூஞ்சியில அடிக்க அவங்க கொண்டாந்த பலகை மழையில ஊறிப்போச்சு. பாக்டரியில தேயிலைப் பெட்டிக்குள்ள ஒட்டுற ஈயத்தாள் இருக்குல்ல, அதை வாங்கிப் பலகையில ஒட்டிக் குடுத்தது எங்க ஆளுகதான். மூடுபனி வந்தா எல்லாரும் போர்த்திக்கிட்டு ஒக்காந்துருவாங்க. பனி விலகினா ஓடுவாங்க. இதுதானா சினிமான்னு எனக்கு ஆயிருச்சு.

கதாநாயகன் நல்ல மனுசன். கொழும்புல தையல்கடை வச்சிருந்தாராம், நாடகத்துல நடிச்சுப் பழக்கம். கிழிஞ்ச சட்டையோட ஒரு பயலைப் பாத்துட்டாருன்னா அந்த எடத்துலயே ஊசி நூலை எடுத்துத் தச்சுக் குடுத்துருவாரு.

படத்துல அவரு தோட்டத்து ஆளா வர்றாரு, காமன் வேசம் கட்டுறாரு. அதனால எங்க கூத்தைப் பகல்ல ஆடிக் காட்டணும். காமனா அவரு, ரதியா எங்க அண்ணனே. தொரை அனுமதி குடுத்துட்டாரு. மாமாவுக்குத்தான் மனசு ஒப்பல. முடிஞ்சுபோன கூத்தை மறுபடி எப்படித் தொடங்குறது? டைரக்டர்கிட்டப் போயி நின்னாரு. நானும் கூடப் போனேன்.

"ஐயா, தொரை சொல்லிட்டாரு, ஆடித் தர்றோம். ஆனா ஒண்ணு. எரிச்சா எழுப்பணும். எழுப்பாம விட்டா எங்க வழக்கத்துல அது அப்படியே நின்னுரும். செத்தவன் செத்தவனா இருப்பான், ரதி கழட்டின தாலி திரும்பக் கழுத்துக்கு ஏறாது. அது எந்தக் குடும்பத்துக்கும் ஆகாதுங்க."

டைரக்டர் கையில இருந்த தாளைப் புரட்டினாரு. "எழுப்புற சீன் தானே? மூணு நாள் தள்ளி வருது, அந்தச் சீனை எடுத்துடலாம் மாஸ்டர். கவலைப்படாதீங்க."

மாமா ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டாரு. எனக்கும் சந்தோசம். படம் புடிக்கிறவரு எடுத்துடலாம்னா என்ன அர்த்தம்? எடுப்பாருன்னுதானே அர்த்தம்.

மறுநாள் காமன் பொட்டல்ல ஆடினாங்க. காமன் எரிஞ்சு விழுந்தாரு. அண்ணன் அவரு தலையை மடியில போட்டுக்கிட்டு, கழுத்துத் தாலியைக் கழட்டித் தட்டுல வச்சு, அழுது பாடினாரு. முடிஞ்சதும் டைரக்டர் "இன்னொரு தரம்"னாரு. அதுவும் முடிஞ்சதும் இன்னொரு தரம். கதாநாயகன் எந்திரிச்சுப் போயி மறுபடி மறுபடி விழுந்து செத்தாரு. "நாலு தரம் செத்துட்டாரே, நாலு தரம் எழுப்பணுமா, ஒண்ணு போதுமா?"ன்னு மாமா நெசமாவே கவலைப்பட்டு யாருகிட்டயோ கேட்டுக்கிட்டு இருந்தாரு.

நாலாவது தரம்தான் அது நடந்துச்சு. கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்த பொம்பளைக கூடையோட வந்து நின்னுட்டாங்க. புருசனைப் பறிகுடுத்தவங்க அதுல எத்தனை பேரு! எங்கம்மாவும் நின்னாங்க. அண்ணன் பாடப் பாட ஒவ்வொருத்தியா முந்தானையை வாயில வச்சுக்கிட்டா. பாட்டு முடிஞ்சும் டைரக்டர் "கட்"னு சொல்லல, மறந்துட்டாரு. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டு நேரா அண்ணன்கிட்ட வந்தாரு.

"தம்பி, எங்ககூடக் கொழும்புக்கு வா. ஒனக்கு ஒரு பார்ட் எழுதுறேன். தங்க எடம் இருக்கு, சாப்பாடு இருக்கு. நாளன்னைக்கு மத்தியான ரயில்ல போறோம், அதுல வந்துரணும். ஆளுக்காகக் காத்துக்கிட்டு நிக்கிற பழக்கம் எனக்குக் கெடையாது."

அண்ணன் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கிட்டு நின்னாரு. பதில் சொன்னது அம்மாதான். "வருவான் சாமி, வருவான்."

அம்மாவைப் பத்தி நான் தப்பாச் சொல்ல மாட்டேன். கவ்வாத்துக் கத்தி பட்டுப் பட்டு மகன் கை கெழவன் கையாட்டம் ஆகுறதைத் தெனமும் பாத்த மனசு அது. அன்னைக்குச் சாயந்தரமே யாருகிட்டயோ ஒரு தகரப்பெட்டியை வாங்கியாந்துட்டாங்க. அண்ணனோட ரெண்டு சட்டையை மடிச்சு உள்ள வச்சாங்க, எடுத்தாங்க, மறுபடி மடிச்சு வச்சாங்க. லயத்துல யாரைப் பாத்தாலும் "மகன் கொழும்புக்குப் போறான்"தான். கேட்காதவங்களையும் கூப்புட்டுச் சொன்னாங்க.

பீலிக்கரையில அண்ணன் மூஞ்சிப் பூச்சைக் கழுவிக்கிட்டு இருந்தாரு. தண்ணி வெள்ளையா ஓடுச்சு. "போவியா அண்ணே?"ன்னு கேட்டேன்.

"அம்மா பெட்டியே வாங்கிருச்சுல்ல"ன்னாரு.

அப்ப போறாருன்னு நெனச்சுக்கிட்டேன். நான் ஒரு மக்கு.

அடுத்த நாளு மாமா, எழுப்புற கூத்துக்கு எத்தனை மணிக்கு வரணும்னு கேட்க டைரக்டர்கிட்டப் போனாரு. டைரக்டர் சாமான் கட்டிக்கிட்டு இருந்தாரு.

"ஐயா, எழுப்புற சீனை எடுத்துடலாம்னீங்களே?"

"ஆமா மாஸ்டர். எடுத்தாச்சே."

"எப்பங்க எடுத்தீங்க? நாங்க யாரும் வரலியே!"

"நீங்க எதுக்கு? கதையில இருந்தே எடுத்தாச்சு. படம் நீளமாயிருச்சு."

மாமாவுக்கு வெளங்கக் கொஞ்ச நேரம் ஆச்சு. வெளங்கினதும் மூஞ்சி கறுத்துப்போச்சு. "அப்ப இந்தத் தம்பி செத்த ஆளாவே ரயில் ஏறப் போறாரா?"ன்னு கதாநாயகனைக் காட்டிக் கேட்டாரு. அங்க நின்ன படக்காரங்க கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. கதாநாயகன் மட்டும் சிரிக்கல.

"எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு மாஸ்டர். வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கு. நான் எந்திரிச்சுட்டே போறேன்"னாரு.

கடைசியில, மறுநாள் மூணாம் நாள்தானே, ரயிலுக்குக் காத்திருக்கிற நேரத்துல றொசல்ல ஸ்டேஷன்லயே எழுப்பிக்கங்க, ஆனா ரயில் வர்றதுக்குள்ள முடிக்கணும்னு டைரக்டர் ஒத்துக்கிட்டாரு.

அத்தோட முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். மாமா அங்கிருந்து நேரா எங்க காம்பராவுக்கு வந்தாரு. மதினியும் பின்னால வந்தாங்க. மாமா வாசல்லயே நின்னுக்கிட்டு அம்மாகிட்டச் சொன்னாரு: "எழுப்பறது எழுப்பிருவோம். ஆனா இவன் ரயில் ஏறினா கல்யாணப் பேச்சு அத்தோட விட்டுச்சு தங்கச்சி. கொழும்புக்குப் போனவன் வருவான் வருவான்னு வயசுப் பொண்ணை வச்சுக்கிட்டு என்னால காத்துக்கெடக்க முடியாது."

"விட்டா விட்டுட்டுப் போண்ணே. எம்மவன் சினிமாவுல சேந்தா நூறு பொண்ணு வரும்"னுட்டாங்க அம்மா. வாய் தவறித்தான் வந்துச்சு. ஆனா வந்துருச்சே.

அண்ணன் உள்ளதான் இருந்தாரு. ஏதாவது சொல்லுவாருன்னு நான் பாத்தேன். மாமா பாத்தாரு. மதினி பாத்தாங்களான்னு தெரியல, தலையைக் குனிஞ்சிருந்தாங்க. அண்ணன் வாயே தொறக்கல. அம்மாவை எதுத்து ஒரு பொண்ணுக்காகப் பேசுறதுன்னா அந்தக் காலத்து ஆம்பளைக்கு நாக்கு எழும்பாது, அதான் விசயம். ஆனா வாசல்ல நின்ன பொண்ணுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? மதினி விறுவிறுன்னு மேல் லயத்துக்கு ஏறிப் போயிட்டாங்க.

மறுநாள் றொசல்ல ஸ்டேஷன். உங்கள்ல சில பேரு ரயில்ல போறப்ப பாத்திருப்பீங்க, கண்ணைச் சிமிட்டினா தாண்டிப் போயிரும், அவ்வளவு சின்ன ஸ்டேஷன். நாங்க முப்பது பேரு தப்போட, வேப்பிலையோட, மஞ்சத்தண்ணிச் செம்போட எறங்கிப் போனோம். அண்ணன் ரதி வேசத்துல. ஸ்டேஷன் மாஸ்டர் சிங்களவர், பதறிப்போயி வெளிய வந்தாரு. "மொகத மே?" இது என்னன்னு கேட்டாரு.

மாமா தனக்குத் தெரிஞ்ச சிங்களத்துல, "மாத்தயா, மே மனுஸ்ஸயா மெருணா"ன்னாரு. இந்த ஆளு செத்துட்டாருங்க.

அவரு ரெண்டடி பின்னால போயிட்டாரு. பாயில படுத்திருந்த கதாநாயகன் எந்திரிச்சு ஒக்காந்து, தான் நல்லாத்தான் இருக்கேன்னு சிங்களத்துலயே சொல்லிட்டு மறுபடி படுத்துக்கிட்டாரு. அதுக்கப்புறம் அந்த மனுசனும் வேடிக்கை பாக்க நின்னுட்டாரு.

எழுப்புற பாட்டு மொத்தம் அஞ்சு. மொதப் பாட்டுல ரதி புருசனைப் பேரு சொல்லிக் கூப்புடுவா. ரெண்டாவதுல அவன் இல்லாத ஊரைச் சொல்லுவா. மூணாவதுல சிவன்கிட்ட மடிப்பிச்சை கேப்பா. நாலாவதுல சிவன் மனசு எறங்குவாரு. அஞ்சாவதுல மஞ்சத்தண்ணி தெளிச்சதும் காமன் எந்திரிக்கணும், ரதி தாலியைப் போட்டுக்கணும். எல்லாம் எனக்குத் தலகீழ்ப் பாடம். இன்னைக்குக் கேட்டாலும் சொல்லுவேன்.

நான் அண்ணன் முதுகுக்குப் பின்னால நோட்டோட ஒக்காந்தேன். அம்மா தகரப்பெட்டியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, அண்ணன் மாத்துறதுக்குச் சட்டையைக் கையில போட்டுக்கிட்டு நின்னாங்க. ரெண்டாவது பாட்டு முடியுறப்ப கைகாட்டி விழுந்துச்சு. வட்டவளை வழியாக் கொழும்புக்குப் போற ரயில், அட்டனை விட்டு வந்துக்கிட்டு இருக்கு. டைரக்டர் கடிகாரத்தைப் பாத்தாரு. நேரம் இருந்துச்சுங்க. மிச்சம் இருக்கிற பாட்டைப் பாடிட்டுத் தாராளமா ஏறியிருக்கலாம்.

மூணாவது பாட்டு முடிஞ்சுச்சு. நான் தாளைத் திருப்பி நாலாவதுக்கு மொத வரியை எடுத்துக் குடுத்தேன். அண்ணன் பாடல. தலையைத் தூக்கி டிக்கட் குடுக்கிற ஜன்னல் பக்கம் பாத்தாரு. அங்க மதினி நின்னுக்கிட்டு இருந்தாங்க. மலையில இருந்து அப்படியே வந்திருக்காங்க, இடுப்புல படங்குச் சாக்கு கட்டினபடி, தலையில கம்பளி. அவங்க இந்தப் பக்கம் பாக்கல. செவுத்துல இருந்த காரையை நகத்தால சுரண்டிக்கிட்டு இருந்தாங்க.

அண்ணன் மொதப் பாட்டை மறுபடி தொடங்கினாரு.

"அண்ணே, நாலாவது, நாலாவது"ன்னு முதுகுல குத்தினேன். அவரு திரும்பல. மாமா கையி தப்புல ஒரு நொடி தடுமாறுச்சு. அப்புறம் பாடுறவர் போக்குலயே அடிச்சுக்கிட்டுப் போனாரு. கூத்துல ரதி பாடத் தொடங்கிட்டா நிறுத்தக் கூடாது.

ரயில் வந்துருச்சு. கரிப்புகை எங்க எல்லாரு மேலயும் எறங்குச்சு. படக்காரங்க சாமானைத் தூக்கிப் போட்டாங்க. டைரக்டர் "கட்! கட்!"னு கத்தினாரு. எங்கம்மா "ஏறுடா, அப்படியே ஏறுடா"ன்னு அழுதாங்க, ஆனா கிட்டப் போயிக் கையைப் புடிக்கல, பாட்டுல இருக்கிற ரதியை யாரும் தொடக் கூடாது. டைரக்டர் கதாநாயகனைப் புடிச்சு இழுத்தாரு. அந்த மனுசன் கண்ணே தொறக்கல. செத்தவன் மாதிரியே கெடந்தாரு. அந்தப் படத்துலயே அவரு நல்லா நடிச்சது அதுதான், அதைப் படம் புடிக்கத்தான் ஆளில்ல. கார்டு பச்சைக்கொடி காட்டினாரு. டைரக்டர் வாசப்படியில தொங்கிக்கிட்டு ஏதோ வையிறாரு, சத்தம் கேட்கல. ரயில் வளைவுல திரும்பிப் போயிருச்சு.

அதுக்கப்புறம் அண்ணன் ஒழுங்கா நாலாவதும் பாடினாரு, அஞ்சாவதும் பாடினாரு. மஞ்சத்தண்ணி பட்டதும் கதாநாயகன் எந்திரிச்சு மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டு, "ரயில் போயிருச்சா?"ன்னாரு.

மொத அறை எனக்குத்தான் விழுந்துச்சு. "நோட்டை ஒழுங்கா வாசிச்சியாடி? கண்ணு எங்கடி இருந்துச்சு?"ன்னு அம்மா ரெண்டு கன்னத்துலயும் மாத்தி மாத்தி அடிச்சாங்க. "சின்னப் புள்ளதானே, தாளை மாத்திப் புரட்டிருச்சு போல, விடு தங்கச்சி"ன்னு மாமா வந்து தடுத்தாரு. நான் அண்ணனைப் பாத்தேன். அவரு குனிஞ்சுக்கிட்டு வளையலை ஒண்ணொண்ணாக் கழட்டிக்கிட்டு இருந்தாரு.

கதாநாயகன் எங்க காம்பராவுல ரொட்டியும் சம்பலும் சாப்புட்டு அடுத்த ரயில்ல போனாரு. "இப்ப இவரைக் கூட்டிட்டுப் போனா டைரக்டர் வாசல்லயே நிப்பாட்டிருவாரு. கோவம் எறங்கட்டும், எழுதுறேன்"னாரு. எழுதவும் செஞ்சாரு. அந்தப் பார்ட்டுக்கு வேற ஆளைப் போட்டுட்டாங்களாம். நோட்டை அம்மா அன்னைக்கே அடுப்புல வச்சுட்டாங்க.

நான் அண்ணனை விடல. பீலிக்கரையில போயிப் புடிச்சேன். "நீதானே திருப்பிப் பாடினே? என்னை ஏன் அடி வாங்க வச்சே?"

"ஆமா புள்ள, நான்தான்"னாரு. "எனக்குப் போகப் புடிக்கல. அம்மாகிட்டச் சொல்லிராத. நீ தப்பா வாசிச்சேன்னா நாலு நாளு திட்டும். நான் வேணும்னே விட்டேன்னு தெரிஞ்சா அது மனசு ஒடஞ்சு போயிரும்." கண்ணு கலங்கியிருந்துச்சு. சரின்னு தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிக் குடுத்தேன். பத்து வயசு. நாலு நாளுன்னா நாலு நாளுன்னு நம்பினேன்.

வைகாசியில கல்யாணம் நடந்துச்சு. அதுக்கப்புறம் அந்தப் படம் அட்டன்ல ஓடினப்ப எல்லாரும் போனோம். அண்ணன் அழுவுற சீன் வந்துச்சு, ஒரு நிமிசம்கூட இருக்காது. கொட்டகையே கப்சிப்னு ஆயிருச்சு. அம்மா இருட்டுல என் தொடையைப் புடிச்சு நறுக்குன்னு கிள்ளினாங்க. "ஒன்னாலதான்டி." ஒரு சீட்டுத் தள்ளி அண்ணன் இருந்தாரு. அவருக்குக் கேட்டுச்சு. திரையையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அன்னைக்கு அவரு மேல எனக்கு வந்த கோவம் லேசுல போகல. போகவே இல்லன்னும் சொல்லலாம்.

அம்மா இருந்த வரைக்கும் நான் வாயைத் தொறக்கல, சத்தியம் பண்ணதால. அம்மா போனதுக்கப்புறம் ஏன் தொறக்கலன்னு கேட்டீங்கன்னா, அந்தக் கோவம்தான். வேற என்ன? அவரு வாயால சொல்லட்டும்னு இருந்துட்டேன். அவரு சொல்லல. மதினிக்கு அதெல்லாம் அன்னைக்கே தெரியும்னு நெனச்சிருப்பாரு. அவங்களைப் பாத்துத்தானே பாடினாரு.

மதினிக்குத் தெரியாது. ரயில் தவறுனதாலதான் இந்த மனுசன் நமக்கு வாய்ச்சாருன்னு நெனச்சுக்கிட்டே அவங்க குடித்தனம் பண்ணாங்க. அண்ணன் சும்மா வாசல்ல ஒக்காந்து மலையைப் பாத்துக்கிட்டு இருந்தாக்கூட, "என்ன, ரயிலு வருதா?"ன்னு கேப்பாங்க. குழம்புல உப்பு கூடன்னா, "கொழும்புக்குப் போயிருந்தா நல்ல சாப்பாடு கெடச்சிருக்கும்." அவரு ஏதாவது பாட்டை முணுமுணுத்தா எந்திரிச்சு உள்ள போயிருவாங்க. நாலு புள்ள பெத்து வளத்தாங்க, ஒரு கொறையும் வைக்கல, ஆனா மூஞ்சி குடுத்துப் பேசி நான் பாக்கல. எனக்கு மட்டும் தீபாவளிக்குத் தீபாவளி ஒரு சேலை எடுத்துக் குடுப்பாங்க. "நீ அன்னைக்குத் தப்பா வாசிக்காட்டி எனக்கு ஏது புள்ள இந்த வீடு வாசல்?" அதை வாங்கிக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சவதான் நானும்.

அண்ணன் போயி எட்டு வருசம். போன மாசம் அவரு தெவசத்துக்கு மதினி வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலுக்கு ரெண்டு பேரும் முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தோம். மதினிக்கு எம்பதாச்சு. "பாவம் அந்த மனுசன், கடைசி வரைக்கும் மனசு அந்த ரயில்லதான் இருந்துச்சு"ன்னாங்க.

எனக்கு என்னமோ அன்னைக்குத் தாங்கல. எல்லாத்தையும் கொட்டிட்டேன். நான் சரியாத்தான் வாசிச்சேன் மதினி, அவருதான் வேணும்னே திருப்பிப் பாடினாரு, போகப் புடிக்கலன்னு எங்கிட்டச் சொன்னாருன்னு சொன்னேன்.

"சும்மா சொல்லாத."

"எம்புள்ளைக மேல சத்தியமா."

"எதைப் பாத்துக்கிட்டுப் பாடினாரு?"

"ஒங்களைத்தான். நீங்க செவுத்தைச் சுரண்டிக்கிட்டு நின்னீங்க."

மதினி மிச்சக் கீரையையும் உருவினாங்க. காம்பை அள்ளி வெளிய போட்டுட்டு வந்தாங்க. கையைக் கழுவினாங்க. அப்புறம் வந்து எம்பக்கத்துல ஒக்காந்து, என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க.

"இதை அவரு இருக்கையிலயே சொல்லியிருக்கலாம்ல புள்ள. அந்த மனுசனை இன்னும் கொஞ்சம் நல்லா வச்சிருந்திருப்பேன்."